வே. என்றால் வேண்டுமா, வேண்டாமா?

போன மாதம் நம் சர்வீஸ் சென்டரில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போன இடத்தில் ஒரு பிள்ளை, பழைய கிரைண்டரின் அடியில் தொங்கிய அட்டையை அறுத்துக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, இதுல 'சா.ஆ. மா.கோ.'ன்னு போட்டிருக்கே, மாடல் நம்பரா?" என்று கேட்டது. மாடல் நம்பர் இல்லை, என் கையெழுத்து. 'சாமி ஆடுது, மாவு கோத்திருக்கு' என்று அர்த்தம். ஓடும்போது நின்ற இடத்தில் நிற்காமல் அடுப்படி முழுக்க நடந்து போகும் கிரைண்டருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சாமியாடி. அன்றைக்கு எல்லோரும் சிரித்த சிரிப்பில் நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோனது. அதனால்தான் இப்போது எழுதித் தருகிறேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் வேலை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இருபது வருடத்துக்கு மேல் ராஜபாளையத்தில் ஒரு ரிப்பேர் கடையின் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். காலையில் மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறுவேன், சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்ப ஏறுவேன். நடுவில், வருகிற சாமானுக்கு என்ன நோவு என்று கேட்டு, அட்டையில் எழுதி, நூல் கோத்துக் கட்ட வேண்டும். அட்டை தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். வாடிக்கையாளர்கள் சொல்லுவதோ ராமாயணம். "போன தீபாவளிக்கு என் நாத்தனா வந்திருந்தப்போ" என்று மிக்ஸி கதையை ஆரம்பிப்பார்கள். அம்புட்டையும் தீப்பெட்டி அகலத்தில் அடக்க நான் கண்டுபிடித்த வித்தைதான் சுருக்கெழுத்து. எனக்கு அதில் பெருமை ரொம்ப. ஒருமுறை ஒரு மாப்பிள்ளை 'மா.கோ.' என்பதை 'மாமியார் கோளாறு' என்று வாசித்துவிட்டு, "எங்க வீட்டு விசயம் உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அப்போதே நான் திருந்தியிருக்க வேண்டும். கடை முழுக்கச் சொல்லிச் சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

எங்கள் கடைக்கு ரிப்பேர் வாடிக்கை தவிர இன்னொரு கூட்டம் வரும். பழைய ரேடியோ, பழைய மேசை மின்விசிறி, மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்பெட்டி என்று தேடித் தேடி வாங்கி வீட்டில் அடுக்குகிறவர்கள். தங்களைக் 'கலெக்டர்' என்று சொல்லிக்கொள்வார்கள். மூன்று கலெக்டர்கள் இருந்தார்கள், ஒருத்தருக்கும் ஜீப் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர், ராஜபாளையத்தில் ஒரு மில் இன்ஜினியர், மூன்றாவது ஆள் எங்கள் முதலாளியே. கடையின் முன்பக்க அலமாரியில் பழைய சாமான்களை விற்பனைக்கு வைத்ததும் இந்தப் பைத்தியத்தால்தான்.

கலெக்டர்களின் பேச்சு நமக்கு விளங்காது. திருகாணி ஒன்றுகூடக் கழற்றப்படாமல், கம்பெனியில் பூட்டியது பூட்டியபடி இருந்தால் அது 'பச்சை'. விளக்கு எரிந்தும் வாய் திறக்காத ரேடியோ 'மௌனச்சாமி'. வேறொன்றின் மோட்டாரை எடுத்து வைத்துக்கொண்டு ஓடுவது 'மறுவீடு'. வருடக்கணக்கில் கரண்டு காட்டாமல் கிடந்தால் 'தூங்குது'. தூங்குகிற சாமானைத் திறந்து பார்க்காமல் கரண்டு கொடுத்து எழுப்பக் கூடாது என்பது அவர்கள் சட்டம். பச்சையைத் திறக்கவே கூடாது என்பதும் சட்டம். பச்சையாகவும் இருந்து தூங்கவும் செய்தால் என்ன பண்ணுவது? அதற்கு ஒரு சடங்கு வைத்திருந்தார்கள். மூன்று கலெக்டர்களும் கூடி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, எல்லோர் கண் முன்னாலும் திறக்க வேண்டும். பிறகு மூவரும் "திறக்கும் வரை பச்சை" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பெண் பார்க்கப் போகும்போதுகூட அவர்கள் இவ்வளவு பயபக்தியோடு போயிருக்க மாட்டார்கள்.

ஊர்விட்டு ஊர் தகவலுக்கு போஸ்ட்கார்டு. அதிலும் சுருக்கம்தான். 'ப.1, தூ.2, மறு.1, ஞாயிறு வரவும்' என்று ஒரு கார்டு வந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்னத் தபாலாபீஸின் போஸ்ட்மாஸ்டர் அதைத் தபாலாபீஸுக்கு வந்த இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டு, "சார், தப்பா எடுத்துக்கிடாதீக, இது கடத்தல் சமாச்சாரம் எதுவும் இல்லியே?" என்று கேட்டாராம். இன்ஸ்பெக்டர் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினார். அதிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதம். போஸ்ட்மாஸ்டரும் நாளடைவில் கார்டுகளின் சுருக்கத்தைத் தானே விரித்து வாசிக்கப் பழகிவிட்டார்.

எண்பதுகளின் கடைசி. வீட்டுக்கு வீடு டி.வி. வந்து, ரேடியோக்கள் நடுக்கூடத்திலிருந்து மூலைக்குப் போன சமயம். ஒரு புதன்கிழமை அந்தப் போஸ்ட்மாஸ்டர் ஒரு பெரிய வால்வு ரேடியோவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். அளந்து பேசுகிற மனுஷர்.

"எடத்த அடைக்குதும்மா. மூணு வருசமாக் கரண்டே குடுக்கல. பழசு வாங்குறவுக இருந்தா வித்துருங்க" என்றார்.

'விற்க வேண்டும்' என்பதற்கு எங்கள் கடைச் சுருக்கம் 'வி.வே.'. எழுதிக் கட்டி அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் மதியம் ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். சேலையில் சாக்பீஸ் தூள். போஸ்ட்மாஸ்டரின் மகள் கோதை, பள்ளிக்கூட டீச்சர்.

"அக்கா, நேத்து எங்கப்பா குடுத்த ரேடியோவ விக்க வேண்டாம். சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான். நானே வந்து எடுத்துக்கிடுதேன். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்."

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஏன், எதற்கு என்று நான் கேட்கவில்லை. ரேடியோ மேல் பிள்ளைக்கு ஆசை போல என்று நினைத்தேன். அவள் கண் முன்னாலேயே அட்டையில் இருந்த 'வி.வே.'யை அடித்தேன். அதன் கீழே 'விற்க வேண்டாம்' என்பதைச் சுருக்கி எழுதினேன். என்ன எழுதியிருப்பேன் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மறுபடியும் 'வி.வே.'. போதாக்குறைக்கு அடியில் இரண்டு கோடு. கோதை எட்டிப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். படித்த பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து செய்த காரியம் இது.

நான் ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு, ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் அலமாரியில் ரேடியோ இருந்த இடம் காலி. எங்கள் மெக்கானிக் குருசாமியைக் கூப்பிட்டேன். தேவதானத்துப் பையன், இருபத்தாறு வயது. முதலாளி இல்லாதபோது விற்பனையும் அவன்தான்.

"ஏலே குருசாமி, அந்த ரேடியோ எங்க?"

"இன்ஸ்பெக்டர் கொண்டுபோயிட்டாருக்கா. பச்சைன்னதும் குழந்தை மாதிரித் தூக்கிக்கிட்டாரு."

"விக்க வேண்டாம்னு எழுதியிருந்தேனேடா."

"எங்கக்கா எழுதியிருந்தீக? வி.வே.ன்னு போட்டு, அடிச்சு, திரும்பவும் வி.வே.ன்னு போட்டு ரெண்டு கோடு இழுத்திருந்தீக. இன்னைக்கே வித்தாகணும் போலன்னு நெனச்சேன்."

அவனைத் திட்ட வாயைத் திறந்தவள், அட்டையை வாங்கிப் பார்த்தேன். அவன் சொன்னது அப்படியே இருந்தது. பிள்ளைகளா, நம் மொழியில் ஆமாம், இல்லை என்பதெல்லாம் வார்த்தையின் வாலில் இருக்கிறது. வேண்டும், வேண்டாம் இரண்டுக்கும் தலை ஒன்றுதான். இருக்கு, இல்லை இரண்டுக்கும் முதல் எழுத்து 'இ'தான். சுருக்குகிறேன் என்று வாலை வெட்டினால், சொல்ல வந்த விஷயத்தையே வெட்டிவிடுகிறோம். இத்தனை வருடம் இது தெரியாமல் ஆயிரக்கணக்கில் அட்டை எழுதியிருக்கிறேன். எத்தனை மிக்ஸிக்கு வேண்டாத கத்தியை மாட்டிக் கொடுத்தோமோ, அந்த ஆண்டாளுக்குத்தான் வெளிச்சம்.

சனிக்கிழமை மதியம் கோதை வந்தாள். ரேடியோ இன்ஸ்பெக்டரிடம் போன செய்தி அப்பா மூலம் அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். குருசாமி அன்றைக்கு வெளியூர் வேலையாகப் போயிருந்தான், முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

"அதுக்குள்ள எனக்கு வந்த லெட்டர் இருக்குக்கா" என்றாள்.

அப்பா போஸ்ட்மாஸ்டர் என்பதால் கடிதம் தபாலில் வர முடியாது. கையில்தான் வரும். வந்ததை வைக்க வீட்டில் இடம் கிடையாது. பேசாத ரேடியோவை யார் பார்க்கப் போகிறார்கள் என்று, முதுகுப் பலகையில் காற்றுக்காக விட்டிருக்கும் நீளத் துளை வழியாக உள்ளே தள்ளியிருக்கிறாள். ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை.

"எப்படி எடுக்கலாம்னு நெனச்ச?"

"எடுக்கணும்னு நெனச்சதே இல்லக்கா. உண்டியல்ல போடுறாப்பல போட்டேன்."

யார் எழுதியது என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டாள். வேறு சாதி என்று மட்டும் சொன்னாள். இப்போது அவனோடும் பேச்சில்லையாம். "கடைசியா ஒண்ணு எழுதியிருந்தான். அப்படி எழுதுவான்னு நான் நெனைக்கல. ஒன்றரை மாசமா நான் பதில் சொல்லல. ஆனா அந்த லெட்டரெல்லாம் என்னோடதுக்கா."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா அடிப்பாரா?"

"அடிச்சாக்கூடப் பரவால்ல. பேச மாட்டாங்க. எங்க சித்தப்பாகூடப் பதினஞ்சு வருசமாப் பேசல. அம்மாவும் இல்ல. அவிய பேசலன்னா அந்த வீட்டுல எனக்கு யாருக்கா இருக்கா?"

அந்தப் பிள்ளையின் வீட்டையே என் பேனா தூக்கி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்திருந்தது. அதற்கு மேல் இன்னொன்றும் சொன்னாள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் மாமா வீட்டுல ரேடியோ திறக்காங்களாம். அப்பா இது நம்ம வீட்டு ரேடியோன்னு சொல்லிட்டாங்க. மாமா அவியளையும் கூப்பிட்டிருக்காரு."

அன்று பஸ்ஸில் என் புத்தி சுழன்ற சுழற்சியில் பாதி இருந்திருந்தாலும் எங்கள் கடை கிரைண்டர்கள் நன்றாக அரைத்திருக்கும். 'பச்சைதான்' என்று நான் சாதித்தால், சடங்கோடு திறப்பார்கள். 'பச்சை இல்லை, குருசாமி தெரியாமல் சொல்லிவிட்டான்' என்றால், நிஜமா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் அந்த நிமிஷமே திறப்பார். காரணம் சொல்லாமல் திருப்பிக் கேட்டால், முப்பது வருடம் திருடனை விசாரித்த மனுஷர், என்னையும் விசாரிப்பார். எப்படிப் பார்த்தாலும் திறப்பது உறுதி. திறந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் பாக்கி இருந்தது. அதற்கு ஒன்றும் தோன்றாமலேதான் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினேன்.

இன்ஸ்பெக்டர் வீட்டுக் கூடத்தில் மேசைமேல் வெள்ளை வேட்டி விரித்து, ரேடியோவுக்குச் சந்தனப்பொட்டு வைத்திருந்தார்கள். முதலாளி, மில் இன்ஜினியர் எல்லோரும் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் ஓரமாக நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலாளிக்கு ஆச்சரியம். "பச்சையைத் திறக்கிறத நானும் ஒரு தடவ பாக்கணும்ல" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். நானும் பைத்தியமாகிவிட்டேன் என்று நினைத்தார்.

"பாருங்க, ஸ்க்ரூ தலையில ஒரு கீறல் கெடையாது" என்று இன்ஸ்பெக்டர் லென்ஸ் வைத்துக் காட்டினார். தேங்காய் உடைத்தார். நாலு திருகாணியையும் கழற்றி, பலகையை மெதுவாக எடுத்தார்.

உள்ளேயிருந்து பொலபொலவென்று அட்டைகள் கொட்டின. தீப்பெட்டி அகலத்தில், நூல் கோத்த அட்டைகள். மேலே எங்கள் கடைப் பெயர்.

கடிதம் என்றால் உறையில் இருக்கும், நீலத்தாளில் இருக்கும் என்று நினைத்துப் போனவள் நான். எங்கள் கடை அட்டையைப் பார்த்ததும் மூளை ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. கையெழுத்தைப் பார்த்ததும் திரும்ப ஓடியது. அது குருசாமியின் கையெழுத்து. அவனே தன் காதல் கடிதங்களை இன்ஸ்பெக்டருக்கு விற்றிருக்கிறான்.

இன்ஸ்பெக்டர் முகம் கறுத்தது. "என்னய்யா இது? பச்சைன்னு குடுத்தீக. உள்ள உங்க கடை ரிப்பேர் அட்டை கெடக்கு." இன்ஸ்பெக்டர் ஒரு அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இந்தாம்மா, உங்க கடை பாஷைதான. வாசி."

அட்டையில் 'செ.5 ப.ஸ். வா.' என்றிருந்தது. செவ்வாய் ஐந்து மணி, பஸ் ஸ்டாண்டு, வா. செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல்தான் குருசாமி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீட்டு ரிப்பேருக்குப் போவான். போஸ்ட்மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, அந்தப் பிள்ளையைக் காட்டிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் என் கடையை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"செராமிக் அஞ்சு, பழைய ஸ்விட்சு, வால்வு. இதெல்லாம் மாத்தியிருக்கு சார்."

"இது?" அடுத்த அட்டை. 'உ.மு.க.தூ.இ.' உன் முகம் கண்டதிலிருந்து தூக்கம் இல்லை.

"உள்பக்கம் முழுக்கக் கரப்பான், தூசி, இரும்புத்துரு."

மில் இன்ஜினியர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார்.

"'நீ.சி.அ.'?" நீ சிரித்தால் அழகு.

"நீளக் கம்பி சிக்கி அறுந்துபோச்சு."

அடுத்த அட்டையில் 'மு.1000' என்று இருந்தது. எனக்கே காது சூடேறியது. நான் தயங்கியதைப் பார்த்து இன்ஸ்பெக்டர் தானே ஆரம்பித்தார். "மு.ன்னா முள்ளா? ஸ்டேஷன் காட்டுற முள்ளு ஒண்ணுதானம்மா இருக்கும். ஆயிரம் எதுக்கு?"

"முறுக்குச் சுத்து சார். காயில் எரிஞ்சுபோய் ஆயிரம் சுத்து சுத்தியிருக்கு."

அவர் அட்டைகளை எண்ணினார், பதினொன்று. "அப்போ பதினோரு தடவ ரிப்பேருக்கு வந்த செட்ட, பச்சைன்னு என் தலையில கட்டியிருக்கீக."

"ஆமா சார்" என்றேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அந்த மனுஷர் தன் தொழிலில் ஒரு பொய் சொன்னதில்லை. அவரை நாலு பேர் நடுவில் பொய்யர் ஆக்கினேன். அதற்காக இன்றும் வருத்தம் உண்டு, செய்தது தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. அந்த ரேடியோ வாங்கிய நாளிலிருந்து ரிப்பேருக்கு எந்தக் கடை வாசலையும் மிதித்ததில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். இன்ஸ்பெக்டருக்கும் அதே நேரத்தில் அது தோன்றிவிட்டது.

"ஏன் சார், உங்க வீட்டு ரேடியோதான? பதினோரு தடவ ரிப்பேருக்குக் குடுத்தீகளா?"

எல்லோரும் போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து வந்து, கீழே கிடந்த ஒரு அட்டையை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று என்னிடம் காட்டினார். 'அ.ச.இ.க.வே.'

"அடிச்சட்டம் சரி இல்லை, கழட்ட வேண்டும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "ஞாபகம் இல்ல சார். குடுத்திருப்பேன்" என்றார். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் மேசையில் யாரும் கவனிக்காமல் கிடந்த மீதிப் பத்து அட்டைகளை நான் அள்ளி என் பையில் போட்டேன்.

இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆனது. அவர் காதலைப் பற்றியோ பொய்யைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "அப்போ அது பச்சைதானா?" என்றார். ஆமாம் என்றேன். "அந்தப் பச்சையத் திறந்த பாவி நானா" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பத்து வால்வு ரேடியோவைப் பறிகொடுத்தவர்கூட அப்படி உட்கார மாட்டார்.

திங்கட்கிழமை ரேடியோ கடைக்குத் திரும்பி வந்தது. நான் கவுண்டரிலிருந்து பின்கட்டுக்குப் போனேன். கிரைண்டர் கல் கழுவும் வேலை. முதலாளி என்னிடம் காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குருசாமியைத் தனியாகப் பிடித்து அட்டைகளைக் கையில் கொடுத்தேன். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"படிச்சதும் கிழிச்சுப் போடச் சொல்லியிருந்தேன்க்கா."

"கடை அட்டையில எதுக்குடா எழுதுன?"

"காயிதம் வாங்குனா எங்க வீட்டுல எதுக்குன்னு கேப்பாகளேக்கா."

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு நேரம், கடையில் ஆள் இல்லை. போஸ்ட்மாஸ்டர் வந்தார். கவுண்டரில் நான் இல்லாததைப் பார்த்துப் பின்கட்டுக்கே வந்துவிட்டார். நான் ஈரக்கையோடு எழுந்து நின்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார்.

"முப்பது வருசமாத் தபால் பாக்கேன். லெட்டர் எது, ரிப்பேர் சீட்டு எதுன்னு தெரியாதாம்மா எனக்கு? ரெண்டு நாளா உக்காந்து இத விரிச்சேன். அப்பா சம்மதம் இல்லாமல் கல்யாணம். அது வரைக்கும் வந்துட்டேன். கடைசி எழுத்துலதான் நிக்கேன்." அட்டையை என் பக்கம் திருப்பினார். "வேண்டும்னு எழுதியிருக்கானா, வேண்டாம்னு எழுதியிருக்கானா?"

பிள்ளைகளா, அப்போது எனக்கு வாய்வரை வந்தது, 'வேண்டாம்' என்றுதான். எது சொன்னால் அவருக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பொய்யை விரித்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமும் இல்லை. ஆனால் நிஜமாகவே எனக்குத் தெரியாது. வால் இல்லாத எழுத்தால் ஒரு ரேடியோவை விற்க வைத்தது போதும், தெரியாததை நானாக விரிக்கக் கூடாது என்று பட்டது. அந்த வேலையில் இருந்த இத்தனை வருடத்தில், நெருக்கடியில் நான் எடுத்த நல்ல முடிவு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லுவேன்.

"எனக்குத் தெரியாது சார். எழுதுனவன் உள்ளதான் இருக்கான், கூப்பிடுதேன்" என்றேன்.

குருசாமி கையில் டெஸ்டரோடு வந்தான். அவரைப் பார்த்ததும் டெஸ்டர் கீழே விழுந்தது. அவர் அட்டையை நீட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை.

"வேண்டாம்னுதான் எழுதுனேன் சார்" என்றான் அவன். "டீச்சர்தான் உங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாக. நீங்க பேசலன்னா அவுக செத்துருவாக. அதான், உங்க சம்மதம் இல்லாம வேண்டாம், எத்தன வருசம்னாலும் இருப்போம்னு எழுதுனேன். அதோட அவுக என்கிட்டப் பேசுறத விட்டுட்டாக. என்ன தப்புன்னே தெரியல சார்."

நானும் போஸ்ட்மாஸ்டரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம். அப்படி எழுதுவான் என்று நினைக்கவில்லை என்று கோதை அழுதது என் காதில் இருந்தது. அந்தப் பிள்ளை அதை 'வேண்டும்' என்று வாசித்திருக்கிறாள். அப்பாவை விட்டு ஓடி வா என்று கூப்பிடுகிறான் என்று நினைத்து, ஒன்றரை மாதமாக இவனை வெறுத்துக்கொண்டிருக்கிறாள்.

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கிரைண்டர் கல்லைப் பார்த்தேன்.

"ஒரு காயிதம் எடு" என்றார் குருசாமியிடம். "முழுசா எழுது. ஒரு எழுத்து விடாத."

அவன் குத்தவைத்து, முழங்காலில் தாளை வைத்து எழுதினான். எழுதி முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. அவர் வாங்கி இரண்டு முறை வாசித்தார். மடிக்கப் போனவர் நிறுத்தினார்.

"மேல விலாசம் எழுதலியே."

"சார்?"

"யாருக்குன்னு எழுதுப்பா. விலாசம் இல்லாத தபால நான் எடுக்க மாட்டேன்."

அவன் கோதையின் பெயரை எழுதினான். 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்பதையும் புள்ளி வைத்துச் சுருக்காமல் முழுதாக எழுதினான். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"ஆபீஸ்ல உக்காந்தே காலத்த ஓட்டிட்டேன். பட்டுவாடாவுக்கு ஒருநாளும் போனதில்ல" என்றார் என்னிடம். "இத நானே கொண்டுபோய்க் குடுக்கேன்."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் கிளம்பும் நேரம். அவர் குடையை இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தார்.